மூலப்பத்திரம் 1651

ரோமில் வெனிஸ் சதுக்கத்திலிருந்து கோர்சோ வீதியில் வடக்குப் பார்த்து நடந்தால் இடது கைப் பக்கம் நீளமாக ஒரு மாளிகை முகப்பு வரும். கதவு எண் 305. வரிசை வரிசையாக ஜன்னல்கள், ஒவ்வொரு ஜன்னலின் தலையிலும் வளைவும் நெளிவுமாக வேலைப்பாடு. கப்ரியேலே வல்வசோரி என்ற கட்டடக் கலைஞர் 1731க்கும் 1734க்கும் இடையில் எழுப்பியது. பரோக் பாணி தன் கடைசிக் காலத்தில் எவ்வளவு ஆட்டம் போட முடியுமோ அவ்வளவும் அந்த முகப்பில் போட்டிருக்கிறது. கீழே கடைகள், வாகன இரைச்சல், வழி கேட்கும் சுற்றுலாக்காரர்கள். உள்ளே ரஃபாயேல், திஷியன், கரவாஜ்ஜோ, வெலாஸ்கஸ் என்று நானூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். அரசாங்கத்துக்கு இதில் ஒரு படச்சட்டம்கூடச் சொந்தமில்லை. டோரியா பாம்ஃபிலி என்ற பிரபு குடும்பத்தின் சொந்தச் சேகரிப்பு, அந்தக் குடும்பத்தின் சொந்த வீட்டிலேயே தொங்குகிறது.

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கலை விமர்சனம் எனக்கு வராது. ஓர் ஓவியத்தின் முன்னால் நின்றால், தூரிகை எப்படி ஓடியிருக்கிறது என்று பார்ப்பதற்குள், இது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, மூலப்பத்திரம் எங்கே, நடுவில் வில்லங்கம் உண்டா என்றுதான் புத்தி போகும். பெரிய அருங்காட்சியகங்களில் இந்தக் கேள்விக்குச் சலிப்பான பதில்தான் கிடைக்கும்: காசு கொடுத்து வாங்கினார்கள், அல்லது படையோடு போய்ப் பிடுங்கினார்கள். இந்த வீட்டிலோ கேட்கக் கேட்கப் பதில் வந்துகொண்டே இருக்கிறது. எனக்குப் பிடிபட்டதைச் சொல்லிவிடுகிறேன். படங்களில் பெரும் பங்கை இந்தக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தது பெண்கள். அவற்றை இங்கேயே கட்டிப்போட்டது ஆண்கள் எழுதிய ஒரு பத்திரம்.

முதல் ஆவணம் ஃபெராராவில் எழுதப்பட்டது. அந்த நகரை ஆண்ட எஸ்தே வம்சத்தின் கோமகன் இரண்டாம் அல்போன்சோ 1597இல் பிள்ளையில்லாமல் செத்தார். அப்போதைய போப் எட்டாம் கிளெமென்ட், நேர் வாரிசு இல்லாததால் நகரம் திருச்சபைக்குத் திரும்பவேண்டும் என்றார். அவர் அல்டோபிராந்தினி குடும்பத்துக்காரர். தன் உடன்பிறந்தாரின் மகனான கர்தினால் பியேத்ரோ அல்டோபிராந்தினியைப் படையோடு அனுப்பினார். நகரை ஒப்படைக்கும் பேச்சுவார்த்தைக்கு எஸ்தே தரப்பில் வந்தவர் செத்த கோமகனின் தங்கை லுக்ரேசியா. 1598 ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்தது. பிப்ரவரியில் லுக்ரேசியா காலமானார். உயிலைப் பிரித்தால், தன் சொத்து முழுவதையும் கர்தினால் பியேத்ரோவுக்கே எழுதி வைத்திருக்கிறார். தன் குடும்பத்தின் ஊரைப் பறித்த ஆளுக்கு! காரணம், எஸ்தே வம்சத்தில் அடுத்து நின்ற பங்காளி சேசரே மேல் அவருக்கு இருந்த பழைய பகை. பங்காளிக்குப் போவதைவிட அந்நியனுக்குப் போகட்டும் என்று எழுதிய உயில்களை என் மேஜை மேலும் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவர் கை நடுங்கும், குரல் மட்டும் நடுங்காது.

பியேத்ரோ அந்த உயிலோடு நின்றுவிடவில்லை. ஃபெராரா கோமகனின் அந்தரங்க அறையை அலங்கரித்த திஷியனின் 'பாக்கஸும் அரியாட்னேயும்', பெல்லினியின் 'தேவர்களின் விருந்து' ஆகியவற்றையும் சுவரிலிருந்து இறக்கி ரோமுக்கு அனுப்பினார். 1601இல் கோர்சோ வீதி மாளிகையையும் வாங்கினார். அந்த மாளிகைக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. முதலில் கட்டியவர் சந்தோரியோ என்ற கர்தினால். போப் இரண்டாம் ஜூலியஸ் சுற்றிப் பார்த்துவிட்டு, இது கர்தினாலைவிட ஒரு கோமகனுக்குத்தான் பொருத்தம் என்றாராம். சந்தோரியோ குறிப்பறிந்து போப்பின் உடன்பிறந்தார் மகனுக்கு எழுதிக் கொடுத்தார். மனமுவந்து கொடுத்ததாகத்தான் எல்லாத் தானப் பத்திரத்திலும் எழுதியிருக்கும்.

அல்டோபிராந்தினி வம்சத்தில் ஆண் பிள்ளைகள் அற்றுப்போக, வீடும் படங்களும் நிலங்களும் ஒலிம்பியா என்ற ஒரே பெண்ணிடம் வந்து சேர்ந்தன. 1623இல் பிறந்தவர். பொர்கேசே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, 1646இல் கணவர் இறந்து, குழந்தைகளோடு விதவையாக நின்றார். ரோமிலேயே பெரிய சொத்துக்காரி. அந்த நேரத்தில் போப் பீடத்தில் இருந்தவர் பத்தாம் இன்னசென்ட், இயற்பெயர் ஜொவான்னி பத்தீஸ்தா பாம்ஃபிலி. பாம்ஃபிலிகள் குப்பியோ என்ற சிற்றூரிலிருந்து 15ஆம் நூற்றாண்டில் ரோமுக்குப் பிழைக்க வந்தவர்கள். கௌரவம் இருந்தது, பெரிய காசு இல்லை. 1644இல் இவர் போப் ஆனதும் நிலைமை தலைகீழாயிற்று.

போப்பின் அண்ணி பெயரும் ஒலிம்பியாதான், ஒலிம்பியா மைதல்கீனி. வித்தெர்போ ஊர்க்காரர். சின்ன வயதில் அவரைக் கன்னிமடத்தில் சேர்த்துவிட அப்பா பார்த்தார். பெண்களுக்குச் சீதனம் கொடுத்தால் மகனுக்குப் போகிற சொத்து குறையும், மடத்துக்கு அனுப்பினால் கொஞ்சத்தில் முடியும். அன்றைய இத்தாலியில் வீட்டுக்கு வீடு நடந்த ஏற்பாடு. மைதல்கீனி முடியாது என்று நின்றார். பணக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து விதவையாகி, அந்தச் சொத்தோடு, தன்னைவிட ஏறக்குறைய முப்பது வயது மூத்த பாம்ஃபிலியோ பாம்ஃபிலியை மணந்தார். அவரும் 1639இல் போய்விட, கொழுந்தனின் உத்தியோக உயர்வுக்குப் பணத்தைக் கொட்டினார். கொழுந்தன் போப் ஆனதும் ரோம் முழுக்க அண்ணி ராஜ்யம். அவருக்குத் தெரியாமல் எந்தப் பதவியும் அசையாது என்று ஊரே பேசியது.

அவருடைய ஒரே மகன் காமில்லோ. போப், அண்ணன் மகன் என்ற உரிமையில் அவரைக் கர்தினால் ஆக்கினார். அந்த மகன் 1647இல் செய்த காரியம் ரோமைக் கலக்கியது. கர்தினால் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விதவை ஒலிம்பியா அல்டோபிராந்தினியை மணந்துகொண்டார். போப்புக்குக் கோபம். அம்மாவுக்கு அதைவிடக் கோபம், தன்னைப் போலவே பெயரும், தன்னைவிடப் பெரிய வம்சமும், தன்னைவிட அதிகச் சொத்தும் உள்ள மருமகள். புதுத் தம்பதி ரோமுக்குள் இருக்கக்கூடாது என்று ஆணை வந்தது. கொஞ்ச காலம் ஃப்ராஸ்காத்தியில் போய் இருந்தார்கள். பேரன் பிறந்த பிறகுதான் மெல்ல இறுக்கம் தளர்ந்தது. மாமியார் மருமகள் சண்டையில் பேரன் வந்து சமாதானம் செய்வது எங்கும் உள்ளதுதான். கோர்சோ வீதி மாளிகையும் எஸ்தே வழி வந்த படங்களும் பாம்ஃபிலி பெயரோடு சேர்ந்தது இந்தக் கல்யாணத்தில்தான்.

மாமியாரை மாளிகையில் இன்றும் பார்க்கலாம். அலெஸாந்த்ரோ அல்கார்தி வடித்த பளிங்கு மார்பளவுச் சிலை. விதவைகள் அணியும் முக்காடு தலைக்குப் பின்னால் காற்றடைத்த பாய்மரம் மாதிரி புடைத்து நிற்கிறது. பளிங்கை அவ்வளவு மெலிதாகச் செதுக்கியிருக்கிறார் சிற்பி. அந்த வளைவுக்கு நடுவில் முகம்: சதைப்பிடிப்பான கன்னம், இறுக மூடிய வாய், நேராக நம்மைப் பார்க்காத கண். கையெழுத்துப் போடும் முன் நாலு தடவை கேள்வி கேட்கும் கட்சிக்காரர் முகம். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சுரண்டினார், லஞ்சம் வாங்கினார் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் போப்புகளின் ஆண் உறவினர்கள் செய்ததையேதான் அவரும் செய்தார். வசவில் மட்டும் அவருக்குக் கூடுதல் பங்கு. 1655 ஜனவரியில் போப் இறந்தபோது சவப்பெட்டிக்குக்கூட அவர் காசு தர மறுத்தார், சடலம் கேட்பாரற்றுக் கிடந்தது என்று அக்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்த போப் அவரை ரோமைவிட்டு வெளியேற்றினார். 1657இல் சான் மார்தீனோ அல் சிமீனோவில் கொள்ளை நோயில் இறந்தார். சேர்த்ததெல்லாம் மகன் காமில்லோவுக்கு வந்தது.

இந்த வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே ஒரு படத்துக்காக வருகிறார்கள். அதைத் தனியே ஒரு சிறு அறையில் வைத்திருக்கிறார்கள். ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்புக்காகக் கலைப்பொருள் வாங்க இத்தாலி வந்த வெலாஸ்கஸ், 1650 வாக்கில் தீட்டிய பத்தாம் இன்னசென்ட் உருவப்படம். சிவப்பு நாற்காலி, பின்னால் சிவப்புத் திரை, தோளில் சிவப்பு மேலங்கி, தலையில் சிவப்புக் குல்லாய். முகமும் சிவந்திருக்கிறது. இத்தனை சிவப்புக்கு நடுவில் மடியில் விழும் வெள்ளைத் துணி மட்டும் பளிச்சென்று நிற்கிறது. கிட்டே போனால் அந்த வெள்ளை வெறும் கோடும் தீற்றலும்தான். நாலடி தள்ளி நின்றால் இழை தெரியும் லினன். கண்கள்தான் விஷயம். வலக்கண் ஒன்றை நினைக்கிறது, இடக்கண் உங்களை எடை போடுகிறது. கையில் ஒரு காகிதம், அதில் ஓவியரின் பெயரும் பதவியும். விண்ணப்பம் மாதிரி மடித்த காகிதம். போப் பார்த்துவிட்டு 'ரொம்பவும் உண்மையாக இருக்கிறது' என்றார் என ஒரு கதை வழங்குகிறது. கதையோ நிஜமோ, போப் ஓவியருக்குத் தங்கச் சங்கிலி பரிசளித்தார், படத்தையும் வைத்துக்கொண்டார். அதே அறையில் பெர்னினி செதுக்கிய போப்பின் மார்பளவுச் சிலையும் இருக்கிறது. பெர்னினியின் முதல் சிலையில் பளிங்கு விரிசல் விட்டதால் இரண்டாவது ஒன்று செய்தார். இரண்டையுமே குடும்பம் விடவில்லை. சிலையில் இருப்பவர் போப். படத்தில் இருப்பவர், பத்திரத்தை வரி விடாமல் படிக்கிற ஒரு பழைய வக்கீல். உண்மையிலேயே இன்னசென்ட் சட்டம் படித்து, திருச்சபை நீதிமன்றத்தில் இருந்தவர்.

பிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கில ஓவியர் இருபதாம் நூற்றாண்டில் இந்தப் படத்தை வைத்து, அலறும் போப்பாக, நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். 1954இல் ரோமில் இருந்தபோதும் அவர் இந்த மாளிகைக்கு வந்து அசலைப் பார்க்கவில்லை. புகைப்படமே போதும் என்றிருந்திருக்கலாம், பயமாகவும் இருந்திருக்கலாம்.

அதே 1650இல் வெலாஸ்கஸ் ரோமில் இன்னொரு முகத்தையும் தீட்டினார், தன்னிடம் அடிமையாக இருந்து ஓவிய வேலைக்குக் கைகொடுத்த ஹுவான் தெ பரேஹாவின் முகம். அந்தப் படத்தை மார்ச் மாதம் பாந்தியோனில் காட்சிக்கு வைத்தார், ஊர் அசந்துபோனது. அந்த நவம்பரில் ரோமிலேயே ஒரு பத்திரம் எழுதி பரேஹாவுக்கு விடுதலை கொடுத்தார். உடனே அமலுக்கு வரும் விடுதலை இல்லை, இன்னும் நான்கு வருஷம் ஊழியம் செய்யவேண்டும் என்று ஷரத்து. அந்த ஆவணம் ரோம் அரசு ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. மனிதனுக்கு விடுதலை கிடைத்தது. அவன் படமோ கை மாறிக் கை மாறி இங்கிலாந்து போய், 1970இல் லண்டன் ஏலத்தில் இருபது லட்சம் பவுனுக்கும் மேல் விலைபோய், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. போப்பின் படம் மட்டும் தீட்டிய நாளிலிருந்து இன்றுவரை ஒரே குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை. இரண்டு படத்துக்கும் தரத்தில் குறைவில்லை. வித்தியாசம் பத்திரத்தில் இருக்கிறது.

அந்தப் பத்திரம் 1651ஆம் ஆண்டினுடையது. நவோனா சதுக்கத்து பாம்ஃபிலி வீட்டில் சேர்த்திருந்த கலைப்பொருள்களையும் சாமான்களையும் அண்ணன் மகன் காமில்லோவுக்கு எழுதிவைத்தார் போப். கல்யாணக் கோபம் அதற்குள் ஆறியிருந்தது. எழுதிவைத்த முறைதான் முக்கியம். ரோமன் சட்டத்தில் வேர்விட்ட ஃபிதெகொம்மெஸ்ஸோ என்ற ஏற்பாடு. நம் பத்திர பாஷையில் சொன்னால்: ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ வேறு எவ்வித பராதீனமும் செய்யவோ அதிகாரமில்லை, தனக்குப் பின் மூத்த ஆண் வாரிசுக்கு அப்படியே விடவேண்டியது. வாங்கியவனும் இந்த நிபந்தனையோடுதான் வாங்குகிறான், அவன் மகனும், அவன் பேரனும். கையில் ராஜ்யமே இருக்கும், ஒரு சின்னப் படத்தைக்கூடக் கழற்றி விற்க முடியாது. நம் ஊரில் இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போடும் ஷரத்து கோர்ட்டில் நிற்காது. இன்னும் பிறக்காதவன் கையை எவ்வளவு காலத்துக்குக் கட்டலாம் என்பதற்குச் சட்டம் எல்லை வைத்திருக்கிறது. ரோமில் எல்லையில்லாமல் கட்டினார்கள்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் இளைய பிள்ளைகளும் பெண்களும். மூத்தவனுக்கு எல்லாம் என்றால் மற்றவர்களுக்கு மடம், குருத்துவம், அல்லது சீதனத்தோடு கைகழுவல். காமில்லோவின் மூத்த மகன் சொத்தை எடுத்துக்கொண்டார், இளையவர் பெனெதெத்தோ கர்தினால் ஆனார். அவர் கவிதை எழுதினார், இசைக்காரர்களைப் போஷித்தார். கொரெல்லி என்ற வயலின் மேதை அவரிடம் சம்பளத்துக்கு இருந்தார். இருபத்திரண்டு வயசு இசைக்காரர் ஹாண்டெல் ரோமுக்கு வந்த 1707இல், பெனெதெத்தோ எழுதிய பாடலை வைத்துத்தான் ஒரட்டோரியோ என்ற பாட்டு வகையில் தன் முதல் படைப்பை அமைத்தார். மூத்தவனாகப் பிறந்திருந்தால் பெனெதெத்தோ நில வரவுசெலவு பார்த்துக்கொண்டிருந்திருப்பார். மகள் அன்னா 1671இல் ஜெனோவா நகரத்து டோரியா வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அத்தோடு அவர் கணக்கு முடிந்தது என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

கட்டடம் இந்த நேரத்தில் வளர்ந்துகொண்டே இருந்தது. 1650களின் கடைசியில் அந்தோனியோ தெல் கிராந்தே மேற்குப் பக்கம் ஒரு பெரிய பகுதியைச் சேர்த்தார். அதன் வாசல் கொலேஜோ ரொமானோ சதுக்கத்தைப் பார்க்கும். எதிரே இருப்பது யேசு சபையின் பழைய கல்லூரி. மதுரைக்கு 1606இல் வந்து காவி கட்டி, தமிழில் எழுதி, தத்துவ போதகர் என்று பெயர் வாங்கிய ராபர்ட் தெ நொபிலி இறையியல் படித்தது அங்கேதான். அவர் படித்த காலத்தில் எதிரே இந்த வாசல் இல்லை. ரோம் போகும் தமிழர்கள் இரண்டு நிமிஷம் அந்தச் சதுக்கத்தில் நிற்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வல்வசோரி 1730களில் முகப்பை மட்டும் கட்டவில்லை. முற்றத்தைச் சுற்றி மேல்தளத்தில் திறந்த வளைவுத் தாழ்வாரம் இருந்தது. அதை அடைத்து, முற்றத்தைச் சுற்றி நாலு கைகளாக ஓடும் ஓவியக்கூடமாக ஆக்கினார். கோர்சோ பக்கத்துக் கை கண்ணாடிக் கூடம். ஒரு பக்கமும் மறுபக்கமும் தங்க முலாம் சட்டத்தில் கண்ணாடிகள், நடுநடுவே பழங்காலச் சிலைகள், மேலே அவுரேலியானோ மிலானி தீட்டிய ஹெர்குலிஸ் சாகசங்கள். பகல் வெளிச்சம் ஒரு ஜன்னலில் நுழைந்து பத்துக் கண்ணாடியில் அடித்துத் திரும்புகிறது. எனக்குக் கொஞ்சம் கண் கூசிற்று, அவ்வளவு தங்கம். பரோக் கட்டடத்தில் அளவாக என்ற பேச்சே இல்லை. வந்தவன் வாய் பிளக்கவேண்டும், வாடகைக்காரன் பணிய வேண்டும், சம்பந்தம் பேச வந்தவன் சீதனத்தைக் கூட்டவேண்டும். அந்தக் காரியத்துக்கு இந்தக் கூடம் சரிதான்.

1760இல் பாம்ஃபிலி வம்சத்தின் கடைசி ஆண் ஜிரோலாமோ இறந்தார். உடனே வழக்கு. ஜெனோவாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அன்னாவின் வழித்தோன்றல் நான்காம் ஜொவான்னி ஆந்த்ரேயா டோரியா வாரிசாக வந்து நின்றார். 1763இல் போப்பின் சம்மதத்தோடு பாம்ஃபிலி பெயரையும் சொத்தையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ரோமுக்குக் குடிவந்தார். தொண்ணூறு வருஷத்துக்கு முன் சீதனத்தோடு அனுப்பிவைக்கப்பட்ட பெண்ணின் ரத்தம் திரும்பி வந்து சாவியை வாங்கியது. கூடவே ஜெனோவாக் கடற்படைத் தளபதி ஆந்த்ரேயா டோரியாவை செபாஸ்தியானோ தெல் பியோம்போ 1526இல் தீட்டிய உருவப்படமும் வந்தது. கறுப்பு உடுப்பு, கீழே பழைய கப்பல் சின்னங்களை நோக்கி நீட்டிய ஒரு விரல்.

ஆனால் ஒரு பகுதி கைவிட்டுப் போனது. ஒலிம்பியா அல்டோபிராந்தினி கொண்டுவந்த சொத்தில் அவர் வம்சத்தார் போட்டுவைத்த தனிக்கட்டு இருந்தது. பொர்கேசே வீட்டில் முதல் கல்யாணத்தில் அவருக்குப் பிறந்த பிள்ளைகளின் வழியினர் உரிமை கேட்டார்கள். 1769இல் அது அவர்களின் ஒரு கிளைக்குப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறப்பதற்குள் பிரெஞ்சுப் படை இத்தாலிக்குள் நுழைந்து, போப்பிடம் கப்பம் கேட்டு, போப் பிரபுக்களிடம் கேட்டு, ரோமில் எல்லோரும் ரொக்கத்துக்குத் தவித்தார்கள். பெல்லினியின் 'தேவர்களின் விருந்து' 1797 வாக்கில் விற்கப்பட்டு, இங்கிலாந்து சுற்றி, இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. 'பாக்கஸும் அரியாட்னேயும்' 1826இலிருந்து லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில். ஃபெராராவிலிருந்து ஒரே தடவையில் வண்டியேறி வந்தவை, நூறு வருஷத்துக்கு மேல் பாம்ஃபிலி கையில் கூடவே இருந்தவை. எந்தக் கட்டுக்குள் விழுந்ததோ அதன்படி போன இடம் வேறு.

புது டோரியா 1767இல் பிரான்செஸ்கோ நிக்கொலெத்தி என்ற கட்டடக் கலைஞரை வைத்துப் படங்களை வரிசைப்படுத்தித் தொங்கவிட்டார். அந்த வரிசையைப் பழைய ஆவணத்தைப் பார்த்து 1990களில் மீட்டு வைத்திருக்கிறார்கள். இடுப்பு உயரத்திலிருந்து கூரைவரை சட்டத்தோடு சட்டம் இடித்துக்கொண்டு படங்கள். பெயர்ப்பலகை கிடையாது, சிறிய எண் மட்டும். கழுத்து வலிக்கும், ஜன்னல் வெளிச்சம் வார்னிஷில் அடித்துப் பாதிப் படம் தெரியாது. மேல் வரிசையில் இருப்பவற்றை ஆண்டவன்தான் பார்க்க வேண்டும். சுமாரான படங்களும் ஏராளம் என்று பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பத்திரத்துக்கு ரசனை கிடையாது. நல்லதையும் கெட்டதையும் ஒரே ஷெட்யூலில் கட்டிப்போடும்.

அந்தக் கூட்டத்தில் கரவாஜ்ஜோ இருக்கும் இடத்தில் மட்டும் கால் தானாக நிற்கும். 'எகிப்துக்குப் போகும் வழியில் ஓய்வு', 1597 வாக்கில் இளைஞர் கரவாஜ்ஜோ தீட்டியது. களைத்த மாதா குழந்தையின் தலைமேல் கன்னம் சாய்த்துத் தூங்குகிறாள். எதிரே கிழட்டு யோசேப்பு, வெறுங்கால், ஒரு பாதத்தின்மேல் இன்னொரு பாதத்தைத் தேய்த்தபடி, இசைத்தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் சம்மனசு வயலின் வாசிக்கிறது. யோசேப்பின் தோளுக்குப் பின்னால் கழுதையின் ஒரு கண், அதுவும் கேட்டுக்கொண்டிருக்கிறது. தாளில் உள்ள ஸ்வரக் குறிகள் பொய்யாக வரைந்தவை அல்ல. இசை தெரிந்தவர்கள் படித்து, அது நொயெல் போல்ட்வின் என்பவரின் பழைய பாடல், சாலமோனின் உன்னதப்பாட்டு வரிகளுக்கு அமைத்தது என்று கண்டார்கள். பக்கத்தில் அவருடைய 'மனம்வருந்தும் மகதலேனா'. தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண், தரையில் கழற்றிப் போட்ட முத்துமாலை, மூக்கோரம் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர். மாதாவும் மகதலேனாவும் ஒரே பெண்ணை உட்காரவைத்து வரைந்தவர்கள் மாதிரித்தான் தெரிகிறது.

ரோம் 1870இல் இத்தாலி ராஜ்யத்தோடு சேர்ந்தது. புதிய நாட்டின் சிவில் சட்டம் ஃபிதெகொம்மெஸ்ஸோவை ஒழித்திருந்தது. அதை ரோமுக்கு அப்படியே நீட்டினால் பிரபுக்கள் அத்தனை பேரும் மறுநாளே லண்டன் வியாபாரிகளுக்கு ஆள் அனுப்புவார்கள் என்று அரசுக்குத் தெரியும். 1871 ஜூன் 28ஆம் தேதிச் சட்டம் ஒரு விதிவிலக்கு வைத்தது. நிலமும் வீடும் கட்டிலிருந்து விடுபடும், ஓவியக்கூடங்களும் நூலகங்களும் மட்டும் பிரிக்கவும் விற்கவும் கூடாத சொத்தாகவே நீடிக்கும். பிரபுத்துவத்தை ஒழிக்க வந்தவர்கள் பிரபுக்களின் பழைய பூட்டை ஊருக்காக எடுத்து வைத்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சட்டப்பிரிவு இது.

பூட்டு இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு ரோமிலேயே சாட்சி இருக்கிறது. ஜுஸ்தினியானி குடும்பத்தின் அருமையான சேகரிப்பைப் பிரஷ்ய மன்னர் 1815இல் வாங்கி பெர்லின் கொண்டுபோனார். அதிலிருந்த கரவாஜ்ஜோவின் முதல் 'புனித மத்தேயு' 1945 மே மாதம் பெர்லினில் எரிந்து போயிற்று, இப்போது கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான் உண்டு. பொர்கேசே இளவரசர் 1807இல் தன் பழஞ்சிலைகளை மைத்துனர் நெப்போலியனுக்கு விற்றார், அவை லூவ்ருக்குப் போயின. மிச்சத்தை அந்தக் குடும்பம் 1902இல் அரசுக்கே விற்றுவிட்டது. பார்பெரினி குடும்பத்தின் கட்டை 1934இல் முசோலினி அரசு அவிழ்த்துவிட்டது, சேகரிப்பு சிதறியது.

டோரியா வீட்டுக்கு முசோலினியிடம் எந்தச் சலுகையும் கிடைத்திருக்காது. அவருடைய அலுவலகம் இருந்த வெனிஸ் மாளிகையும் இதுவும் கூப்பிடு தூரம். அப்போதைய இளவரசர் ஃபிலிப்போ ஆந்த்ரேயா, ஸ்காட்லாந்து நர்ஸ் ஒருவரைக் கல்யாணம் செய்தவர், பாசிசத்தை வெளிப்படையாக வெறுத்தவர். 1935இல் தாய்நாட்டுக்குத் தங்கம் என்று மனைவிமார்களின் கல்யாண மோதிரத்தைக் கேட்டபோது இளவரசி தரமாட்டேன் என்றுவிட்டார். ஹிட்லர் ரோமுக்கு வந்தபோது இளவரசர் மாளிகையில் கொடி கட்டவில்லை. போர்க்காலத்தில் அவரைக் காவலில் வைத்தார்கள். ஜெர்மானியர் நகரைப் பிடித்திருந்த மாதங்களில் குடும்பமே த்ராஸ்தேவெரே சந்துகளில் ஒளிந்திருந்தது. 1944 ஜூனில் ரோம் விடுபட்டதும் நேசநாட்டுப் படையினர் அவரையே நகர மேயராக உட்காரவைத்தார்கள், 1946 டிசம்பர்வரை இருந்தார்.

அவருக்கு ஒரே மகள், ஒரியெத்தா, 1922இல் பிறந்தவர். மறுபடியும் ஒரு பெண்ணிடம் வந்து சேர்ந்தது வீடு. இந்தத் தடவை மூத்த ஆண் வாரிசு என்று கேட்க யாருமில்லை. 1956 பிப்ரவரியில் ரோமில் பெய்த பனியின் பாரம் தாங்காமல் அல்டோபிராந்தினி கூடத்தின் கூரை இடிந்து கீழிருந்த பழஞ்சிலைகள்மேல் விழுந்தது. செப்பனிட்டார்கள். ஒரியெத்தா 1958இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்து, இங்கிலாந்திலிருந்து இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்தார். 1966இல் ஆங்கிலிகன் திருச்சபையின் ரோம் மையத்துக்கு இந்த மாளிகையிலேயே இடம் கொடுத்தார். பத்தாம் இன்னசென்ட்டின் வீட்டில் இங்கிலாந்து சபைக்காரர்கள் குடியிருப்பு! போப் எழுதிய ஷரத்துகளில் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை, அவருக்குத் தோன்றியிருக்காது.

ஒரியெத்தா 2000இல் மறைந்தார். இப்போது நிர்வாகம் ஒரு டிரஸ்ட்டின் பேரில் நடக்கிறது. குடும்பத்துக்காரர் ஒருவரே காதுக்கருவியில் பேசி நம்மை அறை அறையாகக் கூட்டிப்போகிறார். சின்ன வயதில் சறுக்கி விளையாடிய தரை, திட்டு வாங்கிய கூடம் என்று அவர் சொல்லும்போது பின்னால் ரஃபாயேல் தீட்டிய இரட்டை உருவப்படம் தொங்கிக்கொண்டிருக்கும். விற்பதற்கும் நாட்டை விட்டு வெளியே எடுப்பதற்கும் இன்று அரசுச் சட்டம் குறுக்கே நிற்கிறது, கூரை ஒழுகினால் செலவு மட்டும் வீட்டுக்காரருடையது. நுழைவுச்சீட்டுப் பணமும், கீழ்த்தளக் கடைகளும் மேல்மாடிக் குடித்தனங்களும் தரும் வாடகையும் அந்தச் செலவுக்குப் போகின்றன. கிளம்பும்போது வாசல் ஓரத்துக் கடை ஒன்றின் கதவில் வாடகைக்கு என்று சீட்டு ஒட்டியிருந்தது. கோர்சோ வீதியில் சதுர மீட்டர் என்ன விலை போகிறது என்று விசாரிக்க நினைத்தேன், மகள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.